தவறவிடாத கைகள்

மார்க்கம் வீதியில், பலசரக்குக் கடைக்கு முன்னால் இருக்கும் பஸ் தரிப்பிடத்து வாங்கு இருக்கையில் என் தம்பியின் படம் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. நீலக் கோட், வெள்ளைப் பல், இரண்டு கைக்கும் நடுவில் முட்டை மாதிரி ஒரு பந்து. பக்கத்தில் பெரிய எழுத்தில்: 'உங்கள் கனவு இல்லம், தவறவிடாத கைகளில்.' பனியிலும் மழையிலும் சனம் மரக்கறிப் பைகளோடு அவன் முகத்தின் மேல் குந்தியிருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும். அந்தப் பக்கம் காரில் போகும்போதெல்லாம் அவனுக்கு அது போதுமான மரியாதை என்று நினைப்பேன்.

அவன் பெயர் ஜதுர்சன். கனடியக் கால்பந்து லீக்கில் இரண்டு வருடம் ஆடியவன். உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கும் விளையாட்டு அல்ல இது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, நீள்பந்தைக் கையில் ஏந்தி, ஆளை ஆள் மோதி விழுத்தும் விளையாட்டு. அதில் அவன் 'வைட் ரிசீவர்'. ஓரத்தில் நின்று, வெறி பிடித்தவன்போல ஓடி, எறியப்படும் பந்தை எட்டிப் பிடிப்பவன். இரண்டு வருடத்தில் இருபத்தொரு ஆட்டங்களில் களமிறங்கிப் பதினொரு பந்து பிடித்தான். எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் ரச்டவுன் ஒன்றுகூட இல்லை. எங்கள் சனம் அவனை எந்த உயரத்தில் கொண்டுபோய் வைத்தது என்பதை இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

நான் தனுஷிகா, அவனுக்கு இரண்டு வயது மூத்தவள். கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை, சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிறேன். அவனைப்பற்றி எழுதினவர்கள் எல்லாரும் அவனை வைத்துத் தங்களைப்பற்றித்தான் எழுதினார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

நாங்கள் ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜில் புது வீட்டுக்குக் குடிவந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. பதினைந்தில் ஆறடி. படிப்பில் அவனுக்கு அக்கறை கிடையாது. ஆனால் கை இருந்தது. அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பா. அவன் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ரீவி பார்ப்பான். நான் ஒரு வெங்காயத்தை எடுத்து எறிந்துவிட்டுப் பெயரைக் கூப்பிடுவேன். திரும்பின அதே அசைவில் வெங்காயம் அவன் கையில் இருக்கும். சத்தமே வராது. பந்து கையில் விழும்போது சத்தம் கேட்டால் அது பிடி அல்ல என்று பின்னாளில் எனக்கு விளங்கப்படுத்தினான். பத்தாம் வகுப்பில் உடற்பயிற்சி ஆசிரியர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அப்பா ஸ்ரீஸ்கந்தராசா, வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் நின்றவர். மகன் பாடசாலை அணியில் சேர்ந்த செய்தியைச் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"பந்து எண்டால் உருண்டையா இருக்கவேணும். உது என்ன, நசிஞ்சுபோனதை வைச்சு விளையாடுறியள்?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு வருடம் அவர் அந்த விளையாட்டைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தடுத்ததும் இல்லை. தடுப்பதற்கு அது ஒரு பொருளாகத் தெரிந்திருக்க வேண்டுமே.

அப்பாவை விட்டால் சாரதி அனுமதிப் பத்திரம் என்னிடம்தான் இருந்தது. ஆகவே பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவதும் சேறும் வியர்வையுமாகத் திருப்பிக் கொண்டுவருவதும் என் தலையில் விழுந்தது. என் பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனவியலை முக்கால்வாசி நான் காருக்குள் இருந்துதான் படித்தேன். குறைந்த புள்ளி வந்தபோது அம்மா, "கார் ஓடித் திரிஞ்சால் இப்பிடித்தான்" என்றா. இந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதை மறைத்துக்கொண்டு அவனைப்பற்றி நியாயம் பேசினால் நானும் மற்றவர்களைப் போலத்தான்.

அந்த வருடங்களில் எங்கள் சொந்தங்கள் அவனைப் படிப்பு ஏறாத பெடியன் என்றார்கள். 'கிழக்குத் தமிழர் விளையாட்டு ஒன்றியம்' என்று ஒன்று இருக்கிறது. வருடம் ஒருமுறை சாக்கோட்டமும் கயிறிழுத்தலும் நடத்தி, வருடம் முழுவதும் படம் எடுத்துக்கொள்ளும் அமைப்பு. அதன் தலைவர் நீக்கிலாப்பிள்ளை வீடு விற்கும் முகவர். ஒரு பிறந்தநாள் விழாவில் அப்பாவிடம் வந்து, என் தம்பிக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "அண்ணை, உது எங்கடை ஆக்களுக்குச் சரிவராது. மண்டை கலங்கிப்போடும். ஏதாவது ஒரு கோர்ஸிலை போட்டுவிடுங்கோ."

ஜதுர்சன் ஒரு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்துக்கு ஆடத்தான் போனான். பட்டமும் எடுத்தான், கேட்டால் என்ன பட்டம் என்று யோசித்துத்தான் சொல்வான். அங்கேதான் பேர்ணடெற்றைச் சந்தித்தான். அணியில் ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றிவிடும் மாணவி. ஆனைக்கோட்டைக் குடும்பம், யூனியன்வில் வீடு. இப்போது இயன்மருத்துவர், பிசியோதெரபிஸ்ட். எங்கள் எல்லாரையும்விட அவளுக்கு அந்த விளையாட்டு விளங்கும். அவனைவிடவும் கூட என்று சொல்லலாம்.

2018 வசந்தத்தில் லீக்கின் அணிகள் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்தபோது மேற்கே ஒரு அணி அவனை ஆறாவது சுற்றில் எடுத்தது. வீட்டில் கணினிக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். பேர்ணடெற் துள்ளி எழுந்தாள். அம்மா அழுதா. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஆறாவது எண்டால், கடைசியிலை இருந்தோ?"

"மொத்தம் எட்டு அப்பா."

"அப்ப கடைசியிலை இருந்துதான்."

மறுநாள் காலை நீக்கிலாப்பிள்ளை கேக்கோடும் ஒரு படப்பிடிப்பாளரோடும் வாசலில் நின்றார். நீள்பந்து வடிவத்தில் செய்விக்கச் சொன்னாராம், பார்க்கப் பலாக்கொட்டை மாதிரி இருந்தது. தம்பியின் தோளில் கையைப் போட்டு, "சின்னனிலையே இவனுக்கு நான் சொன்னனான்" என்று கமராவுக்குச் சொன்னார். என்ன சொன்னவர் என்று அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனை நான் இளப்பமாக நினைக்கத் தொடங்கியது அந்தக் காலையில்தான்.

மேற்கே போன முதல் வருடம் பாதிநாள் பயிற்சிப் பட்டியலில் இருந்தான். அதாவது கிழமை முழுவதும் மற்றவர்களுக்குப் பயிற்சிப் பொம்மையாக ஓடிவிட்டு, ஆட்ட நாளன்று ரீவியில் பார்க்கும் வேலை. பிறகு உதை ஆட்டத்துக்குப் போட்டார்கள். பந்தை உதைத்ததும் அறுபது யார் தூரம் முழு வேகத்தில் ஓடிப்போய், எதிரே அதே வேகத்தில் வருபவனோடு மோத வேண்டும். பந்து பிடிக்கும் கைக்கு அங்கே வேலையில்லை. இங்கே சனம் அவன் படத்தைப் பகிர்ந்து 'எங்கள் வேங்கை' என்று எழுதிக்கொண்டிருந்த ஒக்ரோபரில், அப்படி ஒரு மோதலில் விழுந்து எழும்பினான். அன்று பேர்ணடெற் தொலைபேசியில் மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது அவனுக்கு ஞாபகம் இல்லை. சாப்பிட்டதே ஞாபகம் இல்லை. அணியின் மருத்துவரிடம் போகச் சொல்லி அவள் கெஞ்சினாள். போகவில்லை. போனால் ஆடவிடாமல் இருத்திவிடுவார்கள், இருத்தினால் இடம் போய்விடும். மூன்றாம் நாள் திரும்ப ஓடினான். இது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் வருடம் இரண்டு ரிசீவர்கள் அடுத்தடுத்துக் காயப்பட்டார்கள். வேறு ஆள் இல்லாமல் இவனை உள்ளே விட்டார்கள். ஐந்து ஆட்டத்தில் பதினொரு பிடி. அவன் வாழ்க்கையில் அவன் உண்மையாக வேலை செய்த காலம் அந்த ஐந்து கிழமைதான் என்று நினைக்கிறேன். நான்காவது ஆட்டத்தில் ஓரக்கோட்டில் ஒரு விரலால் தட்டி, மறுகையால் பிடித்து, இரண்டு கால் பெருவிரலும் கோட்டுக்கு உள்ளே ஊன்றி விழுந்தான். வேலையிடத்தில் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்தபோது எனக்கு வெங்காயம் ஞாபகம் வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாவது ஆட்டம் ரொறன்ரோவில். செப்ரெம்பர் மாதத்துச் சனிக்கிழமை பிற்பகல், ஏரிக்கரை மைதானம். நீக்கிலாப்பிள்ளை இரண்டு பஸ் பிடித்தார். தவில் ஒன்று, பதாகை மூன்று, சாப்பிட றோல்ஸ் நிறைந்த பெட்டி நாலு. நூறு பேரில் விளையாட்டு விளங்கினவள் பேர்ணடெற் ஒருத்தி. மற்ற நாங்கள் அவனுடைய எண்பத்தாறாம் இலக்கச் சட்டை அசையும்போதெல்லாம் கத்தினோம். அவன் வெறுமனே ஓரத்தில் தண்ணீர் குடித்ததற்கும் ஒருமுறை தவில் அடித்தது. எங்கள் குடும்பப் பெயர் முதுகில் ஒரு கக்கத்தில் தொடங்கி மற்றக் கக்கத்தில் முடிந்தது. அப்பா என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

கடைசிக் கால்பகுதி. தம்பியின் அணி நான்கு புள்ளி பின்னால். ஜதுர்சன் ஓரத்திலிருந்து நடுவுக்கு வெட்டி ஓடினான். பந்து வந்தது, கொஞ்சம் உயரத்தில். இரண்டு கையையும் தூக்கினால் கிடைக்கும். அதே நேரம் எதிரணியின் பின்காவல்காரன் ஒருவன் நடுவால் நேராக ஓடிவந்துகொண்டிருந்தான். தூக்கின கை பாதியில் நின்றது. பிறகு நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது. தம்பி குனிந்து தோளைச் சுருக்கினான். பந்து அவன் தலைக்கு மேலால் போய், பின்னால் நின்ற எதிரணிக்காரன் மடியில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கை தட்டினோம். நீக்கிலாப்பிள்ளை எழும்பி நின்று, "எறியத் தெரியாதவனை ஆர் ரீமிலை வைச்சிருக்கிறது?" என்று கத்தினார். எங்கள் பகுதி முழுவதும் அதை ஏற்றுக் கத்தியது. தவில் அடித்தது. நானும் கத்தினேன். பேர்ணடெற் மட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டேன்.

திங்கட்கிழமை அணிக்காரர் எல்லாரும் ஓர் அறையில் இருந்து ஆட்டப் படத்தைப் பார்ப்பார்கள். பயிற்சியாளர் அந்த மூன்று விநாடியைப் போட்டார். திரும்பப் போட்டார். ஒன்றும் சொல்லாமல் ஒன்பது தரம் போட்டார். பிறகு, "பிஸ்னஸ் டிசிஷன்" என்றார். களத்தில் நின்றபடி தன் உடம்புக்கு இலாப நட்டம் பார்த்தவனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அவன் பக்கம் திரும்பவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய அலுமாரியில் வேறொருவன் பெயர் இருந்தது. புதன்கிழமை எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பெரிய பைகளோடு நின்றான்.

பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பெரியம்மா தொலைபேசியில் கேட்டா, பெடியன் ஏன் வீட்டிலை நிற்கிறான் என்று. அம்மா, இராஜேஸ்வரி, வாழ்நாளில் ஒரு கதையும் சோடித்துச் சொல்லத் தெரியாதவ என்று நான் நம்பியிருந்தேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னா: "முழங்கால் அக்கா. இடது. அந்த மட்ச்சிலை அடிபட்டது. சவ்வு அறுந்துபோச்சாம்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்தான்.

அந்த வார முடிவுக்குள் அம்மாவின் கதைக்கு ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும் வந்துவிட்டார். மேற்கே இருக்கும் வெள்ளைக்காரர், கை நல்ல ராசி. நீக்கிலாப்பிள்ளை ஒன்றியத்தின் முகநூல் பக்கத்தில் 'காயத்தால் வீழ்த்தப்பட்ட வேங்கை' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோது, கார் கதவைத் திறந்து இறங்கின என் தம்பி, ஆறடி ஒரு அங்குலம், நூறு யார் தூரத்தைப் பத்துச் செக்கனுக்குள் ஓடுபவன், இடது காலை இழுத்து நடந்தான்.

எனக்கு அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. கோயிலில் நொண்டுவான். வீட்டுக்கு வந்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போவான். அம்மா கீழே நின்று, "மெல்லடா, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் கேக்கும்" என்பா.

வேறு அணி தேடியிருக்கலாம். அடுத்த வருடம் தொற்றுநோய் வந்து லீக்கே நடக்கவில்லை. அதுவும் அவனுக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2021இல் நீக்கிலாப்பிள்ளை அவனைத் தன் முகவர் நிலையத்துக்கு எடுத்தார். வீடு விற்பதற்கு அல்ல, விளம்பர வாங்கில் இருப்பதற்கு. வீடு பார்க்க வருபவர்கள் அடித்தளத்தையும் கூரையையும் விட்டுவிட்டு அவனோடு படம் எடுத்தார்கள். "தம்பி, முழங்கால் மட்டும் சரியா இருந்திருந்தால் இந்நேரம் அமெரிக்காவிலை எல்லோ" என்பார்கள். "ஓம் அங்கிள்" என்பான். ஆறாவது சுற்றில் எடுத்து, பதினொரு பந்து பிடித்த ஒருவனை அமெரிக்கா எதற்குத் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால்தானே தோன்றும்?

2023 இளவேனிலில் மார்க்கம் நகரில் ஒரு கல்யாணம். பேர்ணடெற்றுக்கும் அவனுக்கும் அப்போது நிச்சயமாகியிருந்தது. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அவள் என் கையைப் பிடித்து ஒரு பக்கத்துக்கு இழுத்தாள்.

"அக்கா, அவன்ரை காலைப் பாருங்கோ."

பார்த்தேன். வழக்கம்போல் இழுத்துக்கொண்டு நடந்தான். கையில் சோடாக் கிளாஸ்.

"போன கிழமை இடது. இண்டைக்கு வலது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். நானும் போனேன், அவள் வர வேண்டாம் என்று சொல்லாததால்.

"நான் நாள் முழுக்க உண்மையா நொண்டுற சனத்தோடை நிக்கிறன், ஜது. நேற்று ஒரு அம்மா நாலு அடி நடக்கிறதுக்கு அழுதவ. எனக்கு முன்னாலை உந்த நடிப்பைச் செய்யாதை."

"பேபி, ஐ டிட்ன்ட் ஸ்ராட் இட். அம்மாதான் ஸ்ராட் பண்ணினவ."

"உனக்கு இருபத்தெட்டு வயசு."

அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ அண்டைக்குக் கையை இழுத்ததை நான் எப்பவாவது கேட்டனானோ? ஒருநாளும் கேக்கேல்லை. இனியும் கேக்கமாட்டன். தலையிலை அடிபட்ட ஒருத்தன் கையை இழுக்கத்தான் செய்வான். ஆனால் உந்தக் காலை இழுக்கிறாய் பார், அதைத்தான் என்னாலை பாக்கேலாமக் கிடக்கு."

மோதிரத்தைக் கழற்றவில்லை. சண்டை பிடிக்கவில்லை. தன் காரில் ஏறிப் போனாள். எனக்கு அப்போதுதான் அந்தப் பந்து, அந்தக் கை, நான் அவள் முதுகைத் தடவிவிட்டது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி விளங்கியது. நான்கு வருடம் விளங்காமல் கை தட்டியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை அவன் அஜக்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்தான். "அக்கா, நீ பாக்கவேணும்" என்றான். அந்த மூன்று விநாடி ஆட்டப் படத்தைப் போட்டான்.

ஒருமுறைதான் பார்த்தேன். அவனை எள்ளி நகைக்கத் தயாராகத்தான் இருந்தேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் படத்தை ஆடுகளத்துக்குப் பின்புறம் உயரத்தில் இருந்து எடுத்திருந்தார்கள். பின்காவல்காரன் எங்கேயோ இருந்து வந்தான். தலையைக் குனிந்து, காரொன்று சிவப்பு விளக்கைக் கவனியாமல் வருவதுபோல வந்தான். தம்பியின் விலா முழுவதும் திறந்து கிடந்தது. நான் நாற்காலியில் இருந்தபடியே என் இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டதை நான் பிறகுதான் கவனித்தேன். அவனும் கவனித்தான். தேத்தண்ணீர் போட்டேன்.

"நான் அவனைக் காணமுன்னமே கை வந்திட்டுது, அக்கா. நான் டிசைட் பண்ணேல்லை. கோச் டிசிஷன் எண்டு சொன்னவர். தட்ஸ் த திங். நான் ஒண்டும் முடிவெடுக்கேல்லை."

"பிறகு நொண்டினது?"

தேத்தண்ணீர்க் கிளாஸைத் தள்ளி வைத்தான். "அது நான்தான்."

அடுத்த மாதம் ஒன்றியத்தின் ஆண்டு விழா. அவனுக்கு 'விளையாட்டு வேங்கை' பட்டம் கொடுப்பதாக அச்சடித்தாயிற்று. அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எனவே அவன் பேச வேண்டியதை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதித் தரச் சொன்னான். சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழு வரி. ஒரு இடத்தில் 'தயங்கினேன்' என்று போட்டேன். அவன் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு, வெட்டச் சொன்னான். "பயந்தனான் எண்டு போடு."

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். நொண்டாமல் மேடை ஏறினான். அதையே ஒருவரும் கவனிக்கவில்லை. தாளை விரித்து வாசித்தான்.

"வணக்கம். எனக்கு முழங்காலிலை ஒண்டும் நடக்கேல்லை. இடதிலையும் இல்லை, வலதிலையும் இல்லை. ரொறன்ரோ மட்ச்சிலை பந்து எனக்கு வந்தது. பிடிச்சிருக்கலாம். அடிக்க ஒருத்தன் வந்தவன். நான் பயந்தனான், கையை இழுத்திட்டன். எங்கடை ரீம் தோத்தது. அதுக்காகத்தான் என்னை அனுப்பினவை. நாலு வருசமா நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மண்டபம் அசையவில்லை. முன்வரிசையில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. அந்த அமைதி இன்னும் ஐந்து விநாடி நீடித்திருந்தால் எங்கள் சனத்தைப்பற்றி நான் என் எண்ணத்தை மாற்றியிருப்பேன். நீக்கிலாப்பிள்ளை ஒலிவாங்கியைப் பறித்தார்.

"பாத்தீங்களோ! இதுதான் தன்னடக்கம்! இவ்வளவு சாதிச்சும், நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுற மனசு இருக்கே, இது தமிழனுக்கு மட்டும்தான் வரும்!"

முந்நூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். பொன்னாடை விழுந்தது. பட்டம் எழுதின கண்ணாடிச் சட்டத்தைக் கையில் திணித்தார்கள். அவன் ஒலிவாங்கியை மறுபடி வாங்கப் பார்த்தான், அதற்குள் பரதநாட்டியம் தொடங்கிவிட்டது. மண்டபத்தின் பின்வரிசையில், யாரிடமும் சொல்லாமல் வந்திருந்த பேர்ணடெற் மட்டும் தட்டவில்லை. அவன் அவளைப் பார்த்தான். இறங்கி நேரே அவளிடம் போனான்.

வீட்டுக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் அம்மா முன்னிருக்கையில் அழுதுகொண்டே பொரிந்து தள்ளினா. "எல்லாருக்கும் முன்னாலை என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டான். இனி நான் ஆற்றை முகத்திலை முழிக்கிறது?"

"ஒருத்தரும் நம்பேல்லை அம்மா. கவலைப்படாதையுங்கோ" என்றேன். நான் அதை நக்கலாகச் சொன்னேன். அம்மாவின் அழுகை உண்மையிலேயே குறைந்தது.

அப்பா காரை ஓட்டியபடி, கண்ணாடியில் பின்னால் பார்க்காமலே பேசினார். "எனக்கு அது அண்டைக்கே தெரியும்."

ஜதுர்சன் நிமிர்ந்தான். "எப்பிடி? உங்களுக்கு கேமே தெரியாதே."

"கேம் எனக்கெதுக்கு? நான் உன்னைப் பெத்தவன். சின்னனிலை ஊசி போட டொக்டர் வரேக்கையும் நீ உப்பிடித்தான் கையை இழுத்தனி. ரெண்டு நேர்ஸ் பிடிச்சவை."

எல்லாரையும்விட முதலில் சிரித்தது தம்பிதான். பிறகு நான். அப்பா சிரிக்கவில்லை. அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மகனைப்பற்றித் தனக்கு என்றைக்கும் பெரிய எண்ணம் இருந்ததில்லை என்பதைத் தெரிவித்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரின் கைதட்டலைவிட அது தம்பிக்கு நிம்மதியாக இருந்ததை நான் கண்டேன். அவரைத் தவிர யாரும் அவனை உள்ளபடி பார்த்திருக்கவில்லை, பேர்ணடெற்றை விட்டால்.

இரண்டு கிழமைக்குள் நீக்கிலாப்பிள்ளை புது விளம்பரத்தின் மாதிரியைக் காட்டினார். அதே நீலக் கோட், அதே பல். வாசகம் மட்டும் வேறு: 'பொய் சொல்லாத கைகள்.' அவனுடைய மேடைப் பேச்சு முகநூலில் நன்றாக ஓடுகிறதாம், சூட்டோடு சூடாகப் பயன்படுத்த வேண்டுமாம். ஜதுர்சன் மாதிரித்தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "அங்கிள், நான் வரேல்லை" என்று சொல்லி எழும்பினான். அவர் அதிர்ந்துபோகவில்லை. அடுத்த மாதம் அந்த வாங்கில் ஒரு பாட்டுப் போட்டியில் மூன்றாமிடம் வந்த பெட்டை சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவனுக்கு முப்பது. பேர்ணடெற்றைக் கட்டி ஒரு வருடமாகிறது. பாடசாலைப் பஸ் கம்பனி ஒன்றில் எந்தப் பஸ் எந்தத் தெருவால் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் வேலை. காலை ஐந்தரைக்குப் போய் இருப்பான். கல்யாண வீடுகளில் அவனோடு படம் எடுக்க இப்போது ஒருவரும் வருவதில்லை. பெரியம்மா மட்டும் கண்டால் முழங்காலைக் கேட்பா. அம்மா முந்திக்கொண்டு, "இப்ப பரவாயில்லை" என்பா.

சனிக்கிழமைகளில் வளரிளம் பெடியன்களின் ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறான். போன ஒக்ரோபரில் ஒருநாள் வகுப்பு இல்லாததால் நானும் அஜக்ஸ் மைதானத்துக்குப் போனேன். குளிர். கோட்டோரத்தில் பெற்றோர் இருபது பேர், அதில் ஒரு தமிழ்த் தகப்பன். அவருடைய மகன் பந்தோடு ஓடி எல்லையைத் தொட்டான். தம்பி விசில் ஊதி, தவறைக் காட்டும் செம்மஞ்சள் துணியை எறிந்து, அந்தப் புள்ளி செல்லாது என்றான். மகனுடைய அணிக்காரன் ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தானாம்.

தகப்பன் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார். தம்பிக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். வாயில் வந்ததெல்லாம் சொன்னார். "கண் பொட்டையோ உவனுக்கு? வாழ்க்கையிலை பந்தைத் தொட்டிருப்பானோ?" என்றார் பக்கத்தில் நின்ற மனிசியிடம். மனிசி சிரித்தா.

தம்பி நடந்து அவருக்கு முன்னால் வந்து நின்றான். அவரைவிட ஒரு முழம் உயரம். ஏதாவது சொல்லப்போகிறான் என்று நான் பார்த்தேன். லீக், எண்பத்தாறாம் இலக்கம், இருபத்தொரு ஆட்டம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"அண்ணை, கோட்டுக்கு அங்காலை நில்லுங்கோ" என்றான். "பெடியன் வந்து மோதினால் உங்களுக்குத்தான் அடிபடும்."

அந்த மனிதருடைய முகம் போன போக்கை நான் நன்றாகவே அனுபவித்தேன். இரண்டு அடி பின்னால் போனார். தம்பி பந்தை எடுத்துப் புல்லில் வைத்து, துடைத்து, கையைத் தூக்கி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினான். மழை தூறத் தொடங்கியது. நான் காருக்குள் போய் இருந்துகொண்டு மிச்ச ஆட்டத்தையும் பார்த்தேன்.